என் காலுக்கு வந்த கூட்டம்

நாலரை வருடம் பிசியோதெரபி படித்தது கையை வைத்துப் பிழைக்கத்தான். எந்தத் தசை எங்கே தொடங்குகிறது, எதை எவ்வளவு அழுத்தலாம், எதைத் தொடவே கூடாது என்று பரீட்சை மேல் பரீட்சை எழுதியவள் நான். ஜவ்வாது மலையில் என் கைக்காக ஒரு ஆள்கூடத் தேடி வரவில்லை. என் காலுக்குத்தான் கூட்டம் வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வீடு திருப்பத்தூரில். வேலை, காவலூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ஊரின் சுகாதார நிலையத்தில். ஒப்பந்த வேலை. ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், ஓர் அலமாரி கொடுத்தார்கள். முதல் இரண்டு மாதம் அலமாரியைத் துடைத்தேன். தப்பித்தவறி வந்த சிலரும் கட்டிலில் குப்புறப் படுத்து, நான் தோளையும் முதுகையும் நீவி, இறுகிக் கிடந்த சதையை விரல் விரலாகத் தளர்த்தி முடிக்கும்வரை மரியாதைக்குப் பொறுத்துக்கொள்வார்கள். எழுந்ததும், "சொகமா இருந்துச்சிம்மா. ஊசி எப்ப போடுவீங்க?" என்பார்கள்.

அந்த நேரத்தில்தான் அம்மா என்னைப் பார்க்க மலைக்கு வந்தாள்.

அம்மாவுக்கு நானும் அண்ணனும் இரண்டே பிள்ளைகள். இரண்டு பிரசவத்தில் ஒன்று சுலபம், இன்னொன்று செத்துப் பிழைத்தது. செத்துப் பிழைத்த அந்தப் பிரசவத்தில் குழந்தை தலைக்குப் பதில் காலை முதலில் நீட்டிவிட்டது. அம்மா வாழ்நாள் முழுக்கச் சொல்லும் கதை இது. எந்தப் பிள்ளை பக்கத்தில் நிற்கிறதோ அதன் தலையில் இதைக் கட்டிவிடுவாள். கல்யாண வீட்டில் அண்ணன் பக்கத்தில் நின்றால் அவன்தான் காலை நீட்டியவன். கடைத்தெருவில் நான் கூடப் போனால் நான். உண்மையில் யார் என்று நாங்கள் கேட்டதில்லை. யாராக இருந்தால் என்ன என்று இருந்துவிட்டோம்.

மலையில் அவள் பக்கத்தில் நின்றது நான். கேட்டுக்கொண்டிருந்தது என்னோடு வேலை செய்த தன்னார்வலர் அக்கா, அந்த ஊர்க்காரி. எனக்குக் காதோடு போன கதை அக்காவுக்கு எங்கேயோ போய்த் தைத்துவிட்டது. கால் முன்னால் வந்து பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பும் சுளுக்கும் ஓடிவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம். அம்மா பஸ் ஏறிய மறுநாள் காலையில் வாசலில் பதினோரு பேர் நின்றார்கள்.

"இன்னாக்கா இது?"

"மிதி வாங்க வந்துகீறாங்க மேடம். ரெண்டு மாசமா இத்த வச்சிக்கினு சும்மாவா குந்திக்கினு இருந்தீங்க?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அலமாரிச் சாவியை மேஜைமேல் வீசினேன். பிறகு, வந்தவர்களின் முதுகுகளைப் பார்த்தேன். புளி மூட்டை தூக்கிய முதுகுகள். எல்லாமே நான் கையால் சரிசெய்யக்கூடியவை. சரி, படுங்கள் என்றேன். காலை வைக்கும் முன் முதுகைப் பக்குவம் பண்ண வேண்டும் என்று ஒரு பொய் சொல்லி, ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம் கையால் வேலை செய்தேன். கடைசியில் இடது காலைத் துடைத்துவிட்டு இடுப்பில் லேசாகத் தொட்டு எடுத்தேன். இரண்டு நொடிகூட இருக்காது. வலி விட்டது. பேர் காலுக்குப் போனது.

அதன்பிறகு மலையில் யாரும் என் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்லவில்லை. காலைப் பார்த்துத்தான் சொன்னார்கள். ஸ்கூட்டர் ஓட்டாதீங்க, கால் போய்டுமே என்று பேருந்து நிறுத்தத்தில் கண்டித்தார்கள். ஒருவர் நொண்டும் ஆட்டைக் கூட்டிவந்தார். ஆட்டுக்கும் இடுப்பு உண்டுதானே என்று கேட்டார். நட்சத்திரம் பார்க்கும் ஆராய்ச்சி மையத்தில் வேலை செய்யும் ஒரு படித்த மனிதர் கழுத்து வலிக்கு வந்தார். தசை, நரம்பு என்று என்னோடு அரைமணி நேரம் அறிவியல் பேசினார். கிளம்பும்போது கதவை மூடிவிட்டு, "எதுக்கும் காலையும் ஒருவாட்டி வச்சிடுங்க மேடம்" என்றார்.

மிதிக்குச் சட்டமும் வந்துவிட்டது. எல்லாம் அக்கா போட்டது. மிதி வாங்கும்போது பேசக் கூடாது. வாங்கியபின் திரும்பிப் பார்க்கக் கூடாது. மூன்று நாள் மலையை விட்டு இறங்கக் கூடாது, இறங்கினால் பிடிப்பு திரும்ப ஏறிக்கொள்ளும். ஊரே இந்தச் சட்டத்தைச் சுத்தமாகக் கடைப்பிடித்தது. நான் சொல்லிக்கொடுத்த உடற்பயிற்சியை ஒருவர்கூடச் செய்யவில்லை.

மாத அறிக்கையில் நான் 'கை சிகிச்சை' என்றுதான் எழுதினேன். மேலதிகாரி போன் போட்டுப் பாராட்டினார். உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கும் பிடித்திருந்தது. காலியாகக் கிடந்த அறையில் ஆள் நடமாட்டம். அதை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

சாமை அறுப்புச் சமயத்தில் அந்த மனிதரைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயதிருக்கும். பைக்கில் முன்னால் மச்சான், பின்னால் மனைவி, நடுவில் அவரை மூட்டையாக அணைத்து உட்காரவைத்திருந்தார்கள். இரண்டு பேர் தாங்கித்தான் கட்டிலில் படுக்கவைக்க முடிந்தது.

"ஒரு மிதி மிதிங்க மேடம். அறுப்பு அப்படியே கெடக்குது" என்றார்.

மூட்டை தூக்கும்போது பிடித்ததாம், ஒரு வாரமாகிறது. பாதத்தை மேலே தூக்கச் சொன்னேன். இரண்டு பாதமும் தொங்கின. தொட்டால் தெரிகிறதா என்று தொடையின் உள்பக்கம் கேட்டேன். மரத்துப் போச்சு என்றார்.

"ஒண்ணுக்குப் போனீங்களா?"

அவர் சுவரைப் பார்த்தார். மனைவிதான் சொன்னார். "நேத்து சாயங்காலத்துலருந்து போவலீங்க. வரலன்றாரு."

இது சுளுக்கு இல்லை. தண்டுவடத்து ஜவ்வு பிதுங்கி நரம்புக் கொத்தை நசுக்குகிறது. அன்றைக்கே அறுவை செய்யாவிட்டால் அந்த மனிதர் ஆயுசுக்கும் நடக்கமாட்டார். அதை அப்படியே சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதான் மிதிக்கச் சொல்றேன்" என்றார். "மிதிங்க. மூணு நாளு கழிச்சி நீங்க எங்க சொன்னாலும் வர்றேன்."

ஒப்புக்குக் காலால் தொட்டு அனுப்பவும் வழியில்லை. தொட்டால் மூன்று நாள் மலையை விட்டு இறங்கமாட்டார். அக்கா போட்ட சட்டம். அந்தச் சட்டத்தை வைத்து இரண்டு மாதம் கூட்டம் சேர்த்தவள் நான். கெஞ்சினேன், கத்தினேன். மனைவி அழுதார், அவர் அசையவில்லை. அக்காவோ என் காதில், "ஒரு மிதிதான மேடம், இன்னாத்துக்கு இந்தப் பிகு?" என்றாள்.

அப்போதுதான் என் வாயில் அந்தப் பொய் வந்தது.

"நான் மிதிச்சா ஆவாது. காலு முன்னாடி வந்து பொறந்தது நான் இல்ல, எங்க அண்ணன். எங்கம்மா மாத்திச் சொல்லிட்டாங்க. நெசமான காலு திருப்பத்தூர்ல கீது."

அக்கா என்னையே பார்த்தாள்.

"அப்போ என் தோளுக்கு மிதிச்சது?"

"சும்மா மிதிச்சேன்."

"எங்க மாமியாருக்கு?"

"அதுவும் சும்மாதான்க்கா."

அக்கா முந்தானையை உதறிக்கொண்டு வெளியே போனாள். கட்டிலில் கிடந்தவர் மட்டும் கொஞ்சம் யோசித்தார். "உங்க அண்ணன் இப்ப எங்க இருப்பாரு?" என்று கேட்டார். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இருப்பான் என்றேன். "அப்போ வண்டிய கூப்புடுங்க" என்றார்.

ஆம்புலன்ஸ் மலைப் பாதையில் ஆலங்காயம் இறங்கும்வரை வழியெல்லாம் போனில் சிக்னல் இல்லை. கிடைத்ததும் அண்ணனைப் பிடித்தேன். அவனுக்கு டைல்ஸ் கடையில் வேலை.

"ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நில்லு. ஷூவையும் சாக்ஸையும் கழட்டிட்டு நில்லு."

"நான் இன்னா வேண்டுதலா வச்சிருக்கேன்?"

"ஒரு ஆளோட காலு போவப் போவுது. வா."

வந்தான். வெறுங்காலோடு, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். ஸ்ட்ரெச்சரை இறக்கியதும், "எங்க மிதிக்கணும்?" என்றான்.

"மிதிக்காத. குதிகால்ல கட்டைவிரலால தொடு. முதுகுப் பக்கம் போன, உன்ன கொன்னுடுவேன்."

ஆஸ்பத்திரி வாசலில், ஆட்டோக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, என் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலை ஸ்ட்ரெச்சர் உயரத்துக்குத் தூக்கி அந்த மனிதரின் குதிகாலைத் தொட்டான். பேண்ட் தையல் விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. ஓடிவந்த டாக்டர் யார் இவர் என்று கேட்டார். எங்க அண்ணன் சார் என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. ஸ்கேன் எடுத்த கையோடு வேலூருக்கு அனுப்பினார்கள். அன்றே அறுவை நடந்தது. கால் எந்த அளவுக்குத் திரும்பும் என்பதை மட்டும் இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, அண்ணன் பேரில் ஒரு பொய்யைக் கட்டிவிட்டேன் என்றேன்.

"இதுல பொய் இன்னாடி கீது? அவன்தான காலு முன்னாடி வந்தான். நீ ஆட்டோவுலயே வந்து வுழுந்தவ."

நான் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தேன். அண்ணன் பேண்ட்டைத் தைத்துக்கொண்டிருந்தான்.

மலையில் என் அறை மறுபடி காலியானது. கூட்டம் மலை இறங்கி அண்ணனைத் தேடிப் போனது. அவன் போன் போட்டு என்னைத் திட்டினான். டைல்ஸ் பார்க்க வருகிறவர்களெல்லாம் தரையில் குப்புறப் படுத்துக்கொள்கிறார்களாம், முதலாளி விளம்பரமா இது என்று கேட்கிறாராம். ஊரில் என்னைப் பார்த்தவர்கள் இப்போது முகத்தைப் பார்த்தே பேசினார்கள். அதில் இரக்கம் இருந்தது. பாவம், கையை வைத்துத்தான் பிழைக்க வேண்டும் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லி, அந்தப் பரிதாபத்துக்காகவே வாரத்தில் நாலு பேரை அனுப்பிவைத்தாள். வந்தவர்களுக்கு வலி விட்டது. எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டே எழுந்து போனார்கள்.

இரண்டு மாதம் கழித்து அந்த மனிதர் வந்தார். மனைவியின் தோளையும் ஒரு கம்பையும் பிடித்துக்கொண்டு, பாதத்தைத் தரையில் இழுத்து இழுத்து வந்தார். நடக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம், இப்படி இழுக்கிறாரே என்று பயமும்.

"உங்க அண்ணன் காலுதாம்மா காலு. அவரு தொட்ட புண்ணியத்துலதான் எழுந்து நிக்கிறேன்."

"முதுகுல தையல் கீதே, அது இன்னா?"

"அது டாக்டருங்க அவங்க மனத்திருப்திக்குப் பண்ணது. நான் வேணாம்னு சொல்லல."

பல்லைக் கடித்துக்கொண்டு அவரைக் கட்டிலில் படுக்கவைத்தேன். வாரம் மூன்று நாள் வந்தார். கெண்டைச் சதையைப் பிடித்து நீவினேன், கணுக்காலை மடக்கி நீட்டினேன். பாதத்தை என் உள்ளங்கையில் வைத்துத் தள்ளச் சொன்னேன். என் கைமேல் அது சும்மா கிடந்தது. தினமும் தள்ளுங்கள் என்பேன், தள்ளிக்கினுதான் கீறேன் என்பார். மூன்றாவது மாதம் எனக்கே நம்பிக்கை விட்டுப் போனது. அவர் மனைவியின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்து, வழக்கம்போலக் கையைக் கொடுத்து, வேறெதையோ நினைத்துக்கொண்டே தள்ளுங்கள் என்றேன். தள்ளினார். ஸ்டூலோடு நான் பின்னால் போய் அலமாரியில் முட்டித் தரையில் விழுந்தேன்.

அவர் பதறிப் போனார். எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "ஐயோ, பொம்பளப் புள்ளய மிதிச்சிட்டேனே. மன்னிச்சிடும்மா. தெரியாம பட்டுடுச்சி."

இடுப்பில் சரியான அடி. எழுந்திருக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது, இரண்டையும் என்னால் நிறுத்த முடியவில்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து கட்டிலருகே வந்து, கையை மறுபடி நீட்டினேன்.

"இன்னொருவாட்டி மிதிங்க" என்றேன்.