ஜன்னலுக்கு வெளியே ஒரு பாட்டில் சீழ்

2005, 2006 இருக்கும். சிவகாசியில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு முந்தைய சீசன். எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணையிலிருந்து காலையில் சிவகாசிக்குக் கிளம்பும் பஸ்ஸில் மூச்சுவிட இடம் இருக்காது. வழிநெடுக உள்ள பட்டாசுக் கம்பெனிகளுக்குப் போகிற அக்காக்கள்தான் பஸ் முழுக்க.

எங்கள் சித்தியும் அப்படிப் போனவர்தான். வேலை பார்த்த ரூமுக்கு அடுத்த ரூமில் தீப்பிடித்த அன்றோடு கம்பெனிக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஒரு கறவை மாடு வாங்கினார். அது அடுத்த கன்றுக்குச் சினையாகி, பால் வற்றியிருந்த நேரத்தில் மடியில் ஒரு பக்கம் கல் மாதிரி வீங்கியது. காம்பைத் தொட்டால் மஞ்சளும் பச்சையுமாகச் சீழ். தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கால்நடை டாக்டர் போட்ட ஊசிக்கும் அடங்கவில்லை.

“என்ன கிருமின்னு தெரிஞ்சா நல்லாருக்கும்” என்று அவர் சொன்னதுதான் தாமதம், எங்கள் காலேஜ் லேபில் பார்த்துவிடலாம் சார் என்று முந்திக்கொண்டேன். புத்தகத்தில் படித்ததை நேரில் பார்க்கப்போகிற குஷி! லேப் மேடத்திடம் அனுமதி வாங்கி, சுத்தம் செய்த சின்ன பாட்டில் ஒன்றையும் கொண்டுவந்தேன். மறுநாள் விடிந்ததும் டாக்டரே வந்து காம்பைத் துடைத்து, சீழைப் பிடித்துக் கொடுத்தார். சுற்றிலும் ஐஸ் கட்டி வைத்து, பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். இந்தச் சீழ் எப்படி நாறும் என்பதை மட்டும் யோசிக்கவே இல்லை.

ரோட்டுக் குலுக்கலில் மூடி லேசாகக் கசிந்துவிட்டது. முதலில் முன்சீட்டு அக்கா திரும்பிப் பார்த்தார். பிறகு பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் விசில் ஊதி வண்டியை நிறுத்தினார்.

“ஏ பிள்ள, பைக்குள்ள என்ன? சீசன் டயத்துல வெடிமருந்து கிடிமருந்து ஏத்தக் கூடாதுன்னு தெரியாதா?”

“ஆமா, வெடிமருந்து வாசம் எங்களுக்குத் தெரியாது பாருங்க! இதப் போட்டு வெடிச்சா ஒருத்தரும் தீபாவளியே கொண்டாட மாட்டாகண்ணே” என்றார் ஜன்னலோர அக்கா. பஸ் குலுங்கிச் சிரித்தது.

விஷயத்தைச் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, செமினார் மாதிரி. இப்படிச் சீழ் வைக்கிற கிருமிகள் நல்ல மாட்டின் உடம்பிலேயே சத்தமில்லாமல் குடியிருக்கும், காம்பில் முள் கீறினால், ஈ கடித்தால், மாடு கொஞ்சம் தளர்ந்தால், சமயம் பார்த்து உள்ளே இறங்கிவிடும் என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

“பாடத்தக் காலேஜுல போயி நடத்து. இப்ப இறங்கி அடுத்த பஸ்ல வா” என்றார் கண்டக்டர். அடுத்த பஸ் வரைக்கும் ஐஸ் தாங்காது. வந்தாலும் அந்தக் கண்டக்டர் மட்டும் ஏற்றிவிடுவாரா என்ன?

“மாடு போச்சுன்னா ஒஞ் சித்தி என்ன செய்வாக?” ஜன்னலோர அக்காதான் கேட்டார்.

“திரும்பக் கம்பெனிக்குத்தான் போகணும்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அந்த அக்கா தன் சாப்பாட்டு வாளியைச் சுற்றியிருந்த கவரை உருவி, பாட்டிலை ஐஸோடு அதில் போட்டு இறுக முடிந்தார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, “வண்டிய எடுக்கச் சொல்லுங்கண்ணே” என்றார்.

குளித்தும் போகாத, பட்டாசு மருந்தில் கலக்கும் அலுமினியப் பொடி அவர் நகக்கண்ணில் மினுங்கியது. அவர் கம்பெனி வந்ததும் கவர் பின்சீட்டு அக்காவுக்குப் போனது. அவரும் இறங்க, இன்னொரு அக்கா. “ஆட்டாதடி, கிருமிக்குத் தல சுத்தும்” என்று கேலி வேறு. எதிரே லாரி வந்தால் “கைய, கைய!” என்று பஸ்ஸே கத்தும். ஒவ்வொரு கம்பெனி கேட்டாக எல்லோரும் இறங்கி முடிந்து, கவர் என் கைக்கு வந்தது. கொஞ்ச தூரத்தில் கை மரத்துப்போய் நான் மாற்றி மாற்றிப் பிடிப்பதைக் கண்டக்டர் பார்த்தார். வாங்கிக்கொண்டு, படியில் நின்று வெளியே நீட்டியபடியே விசில் ஊதினார். ஸ்டாப்பே இல்லாத எங்கள் காலேஜ் வாசலில் இறக்கியும் விட்டார்.

இரண்டு நாளில், கிருமி வளர்க்கிற ரத்தம் கலந்த அகார் தட்டில் குண்டூசி முனை அளவுக்குப் பொட்டுப் பொட்டாக வளர்ந்திருந்தது, சுற்றிலும் தெளிந்த வளையம். ஆர்கனோபாக்டீரியம் பயோஜீன்ஸ்! நான் துள்ளிக் குதித்தேன். டாக்டர் துள்ளவில்லை. “இதுன்னா அந்தக் காம்பு தேறாதும்மா. கீறி வடிய விட்டுட்டு மாட்டக் காப்பாத்தப் பாப்போம்” என்றார். பெயரைக் கண்டுபிடித்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தேன் நான்.

ஒரு காம்பு போயிற்று. மாடும் வயிற்றுக் கன்றும் பிழைத்தன.

கன்று போட்ட பிறகு ஒருநாள் அதே பஸ்ஸில் அந்த அக்கா, “மாடு என்ன செய்யிது?” என்று கேட்டார். மூணு காம்பில் கறக்கிறது, சித்தி வீட்டில்தான் இருக்கிறார் என்றேன்.

“இருக்கட்டும். ஒருத்தியாச்சும் இருக்கட்டும்” என்று சொல்லிக்கொண்டே, தன் கம்பெனி கேட்டில் இறங்கிப் போனார்.

அந்தக் கிருமிக்கு இப்போது ட்ரூபெரெல்லா என்று பெயரை மாற்றிவிட்டார்கள். நான் வேலை பார்க்கும் லேபில் எப்போதாவது அந்தச் சீழ் வந்து எல்லோரும் மூக்கைப் பொத்தும்போது, எனக்கு மட்டும் காலைக் காற்றில் ஜன்னலுக்கு வெளியே நீண்டிருந்த, பொடி மினுங்கும் அந்தக் கைதான் ஞாபகம் வருகிறது.