கொப்பரையில் பிழிந்த எலுமிச்சை

பள்ளிபாளையத்துக்குத் தெற்கே வாய்க்கால் பாயும் நாலு வயலை வைத்துக்கொண்டு, ஊரார் கண்ணெல்லாம் தன் மேல்தான் என்று நம்பிய மனிதர் அர்த்தநாரி. தன் எருமைக்குக்கூடக் கறுப்புக் கயிறு கட்டியிருந்தார். அந்த எலும்புக்கூட்டைப் பார்த்து எவன் பொறாமைப்படப் போகிறான் என்று மனைவி பொன்னாத்தாள் தனக்குள் சிரித்துக்கொள்வாள். 1936ஆம் வருஷம் தை மாதம் வெல்லம் காய்ச்சக் கரும்பாலை ஓட்டியபோது அந்தச் சிரிப்பும் நின்றுபோனது.

முதல் கொப்பரையில் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. மற்றவர்கள் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழத்தை ஆலையில் கட்டித் தொங்கவிடுவார்கள். மிஞ்சினால் அடுப்பைச் சுற்றி நறுக்கி எறிவார்கள். அர்த்தநாரியின் மூளைக்கு அது போதவில்லை. கண் படுவது சாற்றின் மேல் என்றால் பழமும் சாற்றுக்குள்தானே போக வேண்டும்? வெட்டிய பழத்தைக் கொப்பரைக்குள்ளேயே பிழிந்துவிட்டார். பாகு காய்ச்சும் கருப்பண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் முறைத்ததும் மூடிக்கொண்டான்.

கருப்பஞ்சாற்றில் இயல்பாகவே கொஞ்சம் புளிப்பு உண்டு. அதை அடக்கத்தான் சுண்ணாம்புத் தெளிவு ஊற்றுகிறார்கள். புளிப்பு அடங்கி, அழுக்கு நுரையாக மேலே வந்தால்தான் பாகு மணல்மணலாகக் கூடி இறுகும். கொதிக்கிற சாற்றில் புளிப்பைச் சேர்த்தால் சர்க்கரை உடைந்துபோகும். பிறகு எத்தனை கரும்புச் சக்கையை எரித்தாலும் பாகு இறுகாது. அன்று மரத்தொட்டியில் ஊற்றியது பொழுது சாயும்வரை கோந்து மாதிரி கிடந்தது. எறும்புக்குத்தான் கொண்டாட்டம்.

மறுநாள் மனிதர் இன்னும் அதிகப் பழம் பிழிந்தார். பாகு கறுத்து, முன்னைவிட மோசமாக இளகியது. இனி பழி போட ஓர் ஆள் வேண்டுமே! புருஷன் செத்தபின் அந்த வீட்டுக்கு வந்து மாடாக உழைத்துக்கொண்டிருந்த மைத்துனி முத்தாயம்மாள் அகப்பட்டாள். ஆலைக்குச் சோறு கொண்டு வந்தவள் அவள்தான்.

“உந் தங்கச்சி ரெண்டு நாளா ஆலைப் பக்கம் வாரா. அவ கண்ணுதான். நாளைக்கு அவ இந்த ஊட்டுல இருக்கக் கூடாது புள்ள.”

முத்தாயம்மாளுக்குப் போக்கிடம் கிடையாது. அது தெரிந்தேதான் சொன்னார். இந்த ஆளுக்கா இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டோம் என்று நினைத்தபடி பொன்னாத்தாள் அவர் முன்னால் வந்து நின்றாள்.

“ஏனுங்க, எங்கப்பனூட்டு ஆலையில புளிச்ச மோரைக்கூடக் கொப்பரைகிட்ட அண்ட உடமாட்டாங்க. நாளைக்கு ஒரு கொப்பரை எலுமிச்சங்கா இல்லாம காச்சுங்க. எந் தங்கச்சி பக்கத்துலயே நின்னு பாக்கட்டும். பாகு எளகிப்போச்சுன்னா அவளோட நானும் போயிர்றேனுங்க.”

சோறாக்க ஆளில்லாமல் போய்விடுமே என்ற பயத்தில் சம்மதித்தார்.

மறுநாள் முத்தாயம்மாள் துணி மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு கொப்பரையையே பார்த்து நின்றாள். கருப்பண்ணன் சுண்ணாம்புத் தெளிவு ஊற்றினான், நுரையை வழித்தான், பதம் வந்ததும் தொட்டியில் சாய்த்தான். பாகு ஆற ஆறப் பொன்னிறமாக இறுகியது.

அர்த்தநாரி ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தார். வெட்கப்படுவார் என்று பார்த்தால், முகமெல்லாம் பல்லாக நின்றார்.

“பொன்னாத்தா, உந் தங்கச்சி கண்ணு ராசியான கண்ணு! இனி எல்லாக் கொப்பரைக்கும் அவளையே நிக்கச் சொல்லு.”

“நேத்தும் எனக்கு இதே கண்ணுதானுங்க மச்சான்,” என்றாள் முத்தாயம்மாள்.

“அதத்தானே நானுஞ் சொல்றேன்,” என்றார் அவர்.

பொன்னாத்தாள் அவரோடு பேச்சை வீணாக்கவில்லை. மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தங்கையின் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனாள்.