ஏழு புள்ளி மௌனம்

விவேக் நகரில் ஜூடித்திடம் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்கள் யாரும் அளவை முழுதாகச் சொன்னதில்லை. "கழுத்து கொஞ்சம்…" என்று இழுத்தால் போதும், மீதியை அவளே சொல்லிவிடுவாள். அவள் கணவர் ஆரோக்கியசாமியோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். அவர் ஒரு பேச்சைத் தொடங்கி மூச்சு வாங்குவதற்குள் ஜூடித் அதை முடித்து, பதிலும் சொல்லி, அடுப்படிக்குப் போயிருப்பாள். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான்.

தொண்ணூற்றேழில் அவளுக்கு, வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசும் ஹாம் ரேடியோ பைத்தியம் பிடித்தது. கோயில் திருவிழாவில் கொட்டகை போட்டிருந்த ரேடியோ கிளப்காரர்கள் ஜப்பானோடு பேசுவதைப் பார்த்துவிட்டாள். தெருவில் கேட்க ஆள் தீர்ந்துபோனாலும் உலகம் மிச்சமிருக்கிறதே! ஆனால், கடல் கடந்து பேசும் லைசென்சுக்கு, புள்ளியும் கோடுமாகத் தட்டிப் பேசும் மோர்ஸ் பரீட்சை தேற வேண்டும். ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டுப் போனாள்.

கேட்கும் ஒலியை எழுத்தாக்குவது முதல் பாதி. ஆர், ஏ என்று இரண்டு எழுத்து விழுந்ததுமே 'ரெயின்' என்று எழுதி முடித்துவிட்டாள். வந்ததோ 'ரேடியோ'. அதைத் திருத்துவதற்குள் அடுத்த வரி பறந்துவிட்டது. அனுப்பும்போது ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே, ஏழு புள்ளி தட்டும் நேரம் சும்மா இருக்க வேண்டும். இவள் ஒரு புள்ளி நேரம்கூட இடைவெளி விடவில்லை. சோதித்தவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

ஒரு வாரம் தெருவில் தலைகாட்டவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் ஆரோக்கியசாமியே, அவள் கேட்டு எழுதிப் பழக, மோர்ஸ் தட்டும் கீயின் முன்னால் உட்கார்ந்தார். அவருக்கு மோர்ஸ் தெரியாது. அட்டையைப் பார்த்து, எழுத்தைத் தேடி, நிதானமாகத் தட்டுவார். அவர் போட்டது ஒரே சட்டம்.

"முந்திக்கினு எழுதினா மொதல்லேர்ந்து."

முதலில் உதட்டைக் கடித்துக் கடித்தே புண்ணாக்கிக்கொண்டாள். நாலைந்து ஞாயிற்றுக்கிழமை போனபின் பென்சில் தானாக நிற்கக் கற்றுக்கொண்டது. இடைவெளி வந்த பிறகே சொல் முடிந்தது என்று நம்பலாம் என்பது அவளுக்கு மெல்ல உறைத்தது.

மறுபரீட்சையில் ஒரு எழுத்து பிசகவில்லை. சோதித்தவரே பலே என்றார். திரும்பும் பஸ்ஸில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்தில் ஆரோக்கியசாமி, "ஜூடி, எனக்கும்…" என்று தொடங்கினார்.

'பசிக்குதா' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். பஸ் ஒரு ஸ்டாப்பில் நின்று, ஆளை ஏற்றி, மறுபடி கிளம்பியது. அவள் காத்திருந்தாள்.

"எனக்கும் அந்த லைசென்ஸ் வேணும்."

"உங்களுக்கா? நீங்க யார்கிட்ட பேசப் போறீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு யோசித்தார். அவள் அதற்கும் காத்திருந்தாள்.

"உங்கிட்டதான். அதுல நீ குறுக்க பேச முடியாதில்ல."

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள் ஜூடித். சிரிப்பு அடங்கியதும், அவர் சொல்ல வந்ததில் எத்தனையை நம் இஷ்டத்துக்கு முடித்து வைத்திருப்போமோ என்று நினைத்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, விவேக் நகர் வரும்வரை ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள்.