கம்பளிக்கடை ராவுத்தரின் கிட்டங்கி

வத்தலக்குண்டு வெயிலில் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு சாவு வீட்டுக்குப் போன ஆள் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சேதி வந்தபோது கொட்டகை வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தேன். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் கரிவாயு பஸ் மூச்சிரைக்க மலை ஏறி வந்து நின்றது. கண்டக்டர் இறங்காமலே சத்தம் போட்டார்: “சுப்பையாண்ணே, ஒங்க ராவுத்தரு மவுத்தாயிட்டாரு. கீழ வத்தலக்குண்டுல, மக வீட்டுலதான். சாயங்காலம் அடக்கமாம், வெரசா வாங்க!” கோடாலியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.  என் மனைவி பேச்சி ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து என் தோளில் போட்டாள். “மழை பெய்யுது, போட்டுட்டுப் போங்க. நான் வரல” என்றாள்.

மலைமேல்தான் மழை. கீழே வெயில் கொளுத்தியது. கோட்டைக் கழற்றலாம் என்றால் உள்ளே இருந்தது ஒரு பனியன். அதில் துணியைவிட ஓட்டை அதிகம். வியர்த்து வழிந்து நின்ற என்னைப் பார்த்து ஒருவர் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தார். “யாரோ சர்க்கார் ஆளு போலருக்கு, வழி விடுங்கப்பா” என்று ஒரு குரல். மரத்தடியில் நின்ற கிழவர் ஒருவர் அதற்குப் பதில் சொன்னார்: “ஆயுசு பூரா சர்க்காரை வா வான்னு கூப்பிட்ட மனுசன். சாவுக்காவது வந்துச்சே!”

ராவுத்தர் கேட்டிருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. வியர்வையோடு அதையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டேன்.

கோடைக்கானல் கடைவீதிக்காரர்களுக்கு செய்யது ராவுத்தரை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. கம்பளிக்கடை வைத்திருந்தார், வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போகும் கோட்டும் தொப்பியும்கூட அங்கேதான் கிடைக்கும். கடைவீதியின் சார்பில் ஊர்க் கமிட்டியில் மெம்பராக இருந்தார். உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது வெறும் புகழ்ச்சியாகிவிடும். அவருக்குப் புகழ்ச்சி பிடிக்காது. “மாலை போட்டா கழுத்து அரிக்குது” என்பார்.

நான் இலங்கைத் தோட்டத்தில் இருந்து திரும்பியவன். அங்கே ஒரு கணக்கப்பிள்ளைக்குக் கீழே பேர் கூப்பிடும் வேலை பார்த்தேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட எனக்கு அது கலெக்டர் உத்தியோகம் மாதிரி. தேயிலை விலை விழுந்தது. ஒரு நாள் காலையில், ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் நின்று எல்லாருடைய பேரையும் வாசித்தேன். பேர் வாசிக்கப்பட்டவர்களை எல்லாம் ஊருக்கு அனுப்புவதாகத் தோட்டத் துரை சொன்னார். நல்லவேளை நான் தப்பித்தேன் என்று நினைத்த சமயத்தில் கணக்கப்பிள்ளை என் பேரை வாசித்தார்.

ஊர் வந்து பார்த்தால் ஊரில் எங்களுக்கு ஒன்றும் இல்லை. மலை ரோட்டில் வேலை இருக்கிறது என்று யாரோ சொல்ல, பேச்சியும் நானும் இரண்டு பையன்களும், இடுப்பில் இருந்த எங்கள் மகள் மீனாட்சியும் மேலே வந்தோம். கொஞ்ச நாள் வேலை இருந்தது. அடைமழை தொடங்கியதும் நின்றது. பேத்துப்பாறைத் தோட்டங்களிலும் மழையில் ஆள் எடுக்கவில்லை. எங்களைப் போலத் தோட்டத்திலிருந்து வந்த பல குடும்பங்கள் சந்தைக் கொட்டகையில் கிடந்தோம். கொட்டகை என்றால் தலைக்கு மேல் தகரம், பக்கத்துக்குச் சுவர் கிடையாது. மேகம் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போகும்.

இத்தனைக்கும் சந்தைக்கு எதிர் மேட்டில் ரோட்டு வேலைக்காரர்கள் குடியிருக்க சர்க்கார் கட்டிய லயங்கள் வரிசையாகப் பூட்டிக் கிடந்தன. ரோட்டு வேலை முடிந்தது, ஆள் வேண்டாம், லயமும் வேண்டாம் என்று பூட்டிவிட்டார்கள்.

எனக்கு மட்டும் ஒரு சோலி கிடைத்தது. சீசன் முடிந்தால் பங்களாக்களில் ஆள் இருக்கமாட்டார்கள் அல்லவா? ஆனால் அறைகளில் கணப்பு எரியவேண்டும். இல்லாவிட்டால் ஈரம் ஏறி நாற்காலி மெத்தையும் திரைச்சீலையும் பூசணம் பூத்துவிடும். சர்க்கார் அதிகாரிகள் தங்கும் பங்களாவில் அறை அறையாகத் தீ மூட்டுவது என் வேலை. காலி நாற்காலிகளைச் சுற்றி நின்று குளிர் விட்டதா என்று கேட்காத குறைதான். நானே ஒரு நாள் ஒரு பெரிய நாற்காலிக்குச் சலாம் வைத்துப் பார்த்தேன். அது திருப்பி வைக்கவில்லை.

புகையைப் பார்த்துவிட்டு ராவுத்தர் குடையோடு வாசலில் வந்து நின்றார். எனக்கும் அவருக்கும் அதுதான் முதல் பேச்சு.

“யாருலே வந்திருக்கா உள்ள?”

“யாரும் இல்லீங்க மொதலாளி. நாற்காலிக்குத்தான் தீ போடுறேன்.”

“நீ எங்க இருக்க?”

“சந்தைக் கொட்டகைங்க.”

“புள்ளைக?”

“அங்கனதாங்க.”

அவர் நாற்காலிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கூட்டிட்டு வந்து இங்க ஒக்கார வைக்க வேண்டியதுதானே?”

“சோலி போயிருங்க.”

“அதுவும் சரிதான். திருட்டுத்தனமா குளிர் காஞ்சா அது ஒன் பாடு. நேரா நின்னு கேட்டாத்தான் அது சர்க்கார் பாடு. நான் கேக்குறேன்.”

கேட்டார். கமிட்டியில் கேட்டார், தாசில்தாரைப் பார்த்துக் கேட்டார், மலை ஏறி வந்த அதிகாரி ஒவ்வொருவரிடமும் கேட்டார். பூட்டிக் கிடக்கும் லயங்களைத் திறந்து விடுங்கள், மழை விடும்வரை ஓடை வெட்டவோ கல் உடைக்கவோ ஒரு வேலை கொடுங்கள் என்றார். கடைவீதியில் கேலி பேசினார்கள். “என்ன ராவுத்தரே, எல்லாரும் கூரைக்கு அடியில போயிட்டா ஒம்ம கம்பளியை யாரு வாங்குவா?” என்று பலசரக்குக் கடைக்காரர் கேட்டார். “நீரு வாங்கும். ஒமக்கு ஒடம்பெல்லாம் கொழுப்பு இருந்தும் நடுங்குதே” என்றார் இவர்.

கொட்டகைக்குக் கம்பளி கொடுத்தார். மறைத்துக் கொடுக்கவில்லை, பகலில் எல்லாரும் பார்க்கக் கொடுத்தார். கொடுக்கும்போதே சொல்லுவார்: “இது என் தருமம். இதை வாங்கிட்டுச் சும்மா இருந்துராதீங்க. கூரை ஒங்க பாத்தியதை. ஆபீசு வாசல்ல வந்து நில்லுங்க.” நாங்களும் போய் நின்றோம். பியூன் விரட்டினான், மறுநாளும் நின்றோம்.

இனிமேல்தான் எழுதக் கை வராத இடம். ராவுத்தர் கடைக்குப் பின்னால் அவருடைய கிட்டங்கி இருந்தது உங்களுக்குத் தெரியும். கல் சுவரும் மரத் தளமும் போட்டது. கம்பளிக் கட்டு அடுக்கியது போக அதில் பாதி காலி. அதைக் கேட்டுப் பேச்சிதான் போனாள். நானும் பின்னாடியே போய் நின்றேன்.

“மொதலாளி, அந்த ரூம்புல புள்ளைகளை மட்டுமாவது படுக்க வைங்க. சின்னவளுக்கு நெஞ்சுல சளி கட்டிக் கெடக்கு.”

அவர் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “இன்னைக்கு நான் தொறந்தா சர்க்கார் நாளைக்கே கையைக் கழுவிரும்மா. ராவுத்தன் பாத்துக்குவான்னுட்டு லயத்தைத் தொறக்கவே மாட்டான். அடுத்த மழைக்கு வர்றவன் எங்க போவான்? கொஞ்சம் பொறுங்க. வர்ற கூட்டத்துல தீர்மானம் ஆயிரும்” என்றார்.

அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. எங்களுக்கு வைத்தியரை அனுப்பினார். கஞ்சி அனுப்பினார். கதவை மட்டும் திறக்கவில்லை.

மீனாட்சி பொறுக்கவில்லை. கூட்டத்துக்கு முன்பே போய்விட்டாள்.

அன்று காலை நாங்கள் அவளை எடுத்துக்கொண்டு கடைவீதி வழியாகப் போனோம். ராவுத்தர் கடையிலிருந்து இறங்கி வந்து மழையில் கூடவே நடந்தார். குடை பிடிக்கவில்லை. திரும்பி வந்ததும் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் தானே கிட்டங்கியைத் திறந்தார். கம்பளிக் கட்டுகளைத் தன் கையால் வாசலில் எடுத்துப் போட்டார். கொட்டகையில் இருந்த எல்லாரும் அன்றே உள்ளே போனோம். பேச்சியும் வந்தாள். ஆனால் அங்கே விரித்திருந்த கம்பளியில் படுக்கவில்லை, வெறும் பலகையில் படுத்தாள். பிற்பாடும் அந்தக் கடைக் கம்பளி ஒன்றையும் தன் மேல் போட்டுக்கொண்டதில்லை.

கூட்டம் நடந்த அன்று கமிட்டி அறையில் கணப்பு மூட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள். விறகை அடுக்கிக்கொண்டே கேட்டேன். கமிட்டித் தலைவரான வெள்ளைக்காரத் துரைக்கு எங்கள்மேல் இரக்கம் இருந்தது, கூடவே பயமும் இருந்தது. “ஒரு தடவை கூரை கொடுத்தால் கீழ்நாடே மலை ஏறி வந்துவிடும்” என்றார்.

“ரோடு போட்டது அவங்கதானே துரை? போட்ட ரோட்டுல ஏறி வரக்கூடாதா?” என்றார் ராவுத்தர்.

“அதுதான் நீங்கள் உங்கள் கிட்டங்கியைத் திறந்துவிட்டீர்களாமே. அப்புறம் கமிட்டி எதற்கு?”

ராவுத்தர் பயந்தது அப்படியே நடந்துவிட்டது. அவர் எழுந்து நின்றார். சத்தம் போடவில்லை.

“ஆமா, தொறந்தேன். எப்பத் தொறந்தேன்னு கேளுங்க. இந்தா தீ மூட்டுறானே, இவன் புள்ளை செத்த பொறகு தொறந்தேன். எனக்கு மனசு வந்தா குடுப்பேன், வராட்டி பூட்டி வைப்பேன். நான் வியாபாரி, என் லட்சணம் அவ்வளவுதான். ஒரு வியாபாரிக்கு மனசு வர்ற வரைக்கும் ஒரு புள்ளை மழையில கெடக்கணுமா? அது கெடக்கக் கூடாதுன்னுதானே சர்க்காருன்னு ஒண்ணு இருக்கு? ஆளில்லாத நாற்காலிக்குத் தீ மூட்ட உத்தரவு இருக்கு. ஆளுக்கு மூட்ட உத்தரவு இல்லையா?”

 துரை என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

லயங்களைத் திறந்தார்கள். மழைக்காலம் முழுவதும் வீடில்லாதவர்களுக்குக் கூரையும் விறகும் கமிட்டி கொடுப்பது, வேலை கேட்பவர்களுக்கு ஓடை வேலை கொடுப்பது என்று தீர்மானம். ஒரு வருஷத்தோடு நின்றுவிடுமோ என்று பயந்தோம். அடுத்த மழைக்கு ராவுத்தர் முதல் தூறலிலேயே ஆபீசு வாசலில் போய் நின்றார். அதற்கடுத்த மழைக்கும் நின்றார். பிறகு அவர் நிற்க வேண்டியிருக்கவில்லை, வழக்கமாகிவிட்டது. லயக் கொட்டகைக்குக் காவல்காரனாக என்னை வைத்தார்கள். அன்றைக்குத்தான் ராவுத்தர் இந்தக் கோட்டை எடுத்துத் தந்தார். “இது ஒனக்கில்லலே, ஒன் உத்தியோகத்துக்கு. சர்க்கார் ஆளு நடுங்கிக்கிட்டு நின்னா வர்றவன் நம்புவானா?” என்றார். கோட்டுக் கை என் முழங்காலைத் தொட்டது. பேச்சி மடித்துத் தைத்தாள்.

இன்றைக்கும் மழை தொடங்கினால் யார் யாரோ வருகிறார்கள். யுத்தத்தில் வேலை போனவன் வருகிறான், புருஷன் விட்டுப்போனவள் வருகிறாள். எந்த ஊர், என்ன சாதி என்று நான் கேட்பதில்லை, அவர் கேட்கவிட்டதில்லை. கும்பிட்டுக்கொண்டு நுழைகிறவர்களிடம் அவர் சொன்னதையே நானும் சொல்லுகிறேன்: “கையைக் கீழ போடுங்க. இது ஒங்க பாத்தியதை.”

மகள் வீட்டுக்குப் போவதற்கு முன்பு, உடம்பு தளர்ந்த நிலையில், ராவுத்தர் ஒரு நாள் எங்கள் லயக் கொட்டகைக்கு வந்தார். கணப்புக்குப் பக்கத்தில் விறகுக் கட்டை மேல் உட்கார்ந்தார். சுற்றிலும் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

“சுப்பையா, அன்னைக்கு ஒம் பொஞ்சாதி கேட்டப்பவே தொறந்திருந்தா அந்தப் புள்ளை இருந்திருக்குமாலே?”

இல்லை என்றால் என் மகளுக்குப் பொய் சொன்னதாகும், ஆமாம் என்றால் அவர் தாங்கமாட்டார். நான் குனிந்து தீயை ஊதினேன். “ஈர விறகு மொதலாளி, பொகையுது. கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க” என்றேன். அவர் தள்ளி உட்கார்ந்தார். மறுபடி கேட்கவில்லை.

அடக்கத்தில் எல்லாரும் மண் போட்ட பிறகு நானும் கோட்டுக் கையை மேலே தள்ளிவிட்டு, அவர்மேல் மூன்று கைப்பிடி மண் போட்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கோட்டு, ஊர் பேர் கேட்காமல் கதவைத் திறக்கிற பழக்கம், பிறகு அந்தக் கேள்வி. மூன்றாவது பிடிக்குக் குனிந்தபோது பதில் வாய்வரைக்கும் வந்தது. சுற்றிலும் அவர் மக்கள் நின்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

இருந்திருப்பா, மொதலாளி.