பாலத்தில் நின்ற வில்லாளன்

பழம் தின்று கொட்டை போட்டவர்களோடு மட்டும் இந்த விளையாட்டை நடத்தக் கூடாது. ஆசைப்பட்டு இறங்கினேன், இப்போது மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

விளையாட்டு இதுதான். மேசையைச் சுற்றி நாலு பேர் இருப்போம். நான் ஒரு உலகத்தை வாயாலேயே கட்டுவேன்: காடு, கோட்டை, பூதம், சூனியக்காரி. மற்ற மூவரும் அதற்குள் ஆளுக்கொரு வீரனாகப் புகுந்து, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடைக் கட்டை தீர்மானிக்கும். மாங்குளத்தில் என் போட்டோக்கொப்பிக் கடையின் பின்னறையில் ஞாயிறு பின்னேரங்களில் இது நடக்கும். குடிக்கப் பிளேன்ரீயும் கடிக்க ரோல்ஸும் என் பொறுப்பு.

மூவரில் ஒருவர் கணித வாத்தியார். பல்கலைக்கழக விடுதியில் இதைப் பழகியவர். விதிப் புத்தகம் முழுவதும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இன்னொருவன் மோட்டார்சைக்கிள் கராஜ் வைத்திருக்கும் என் நண்பன். மூன்றாவது, ஆடைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கும், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் ஒருவர். எல்லோரும் வருடக்கணக்காக விளையாடுகிறவர்கள். நான் வாரம் முழுக்க மண்டையைப் போட்டு உடைத்து ஒரு பூதத்தைக் கொண்டுவந்தால், அது வாயைத் திறக்க முதலே வாத்தியார் சொல்லிவிடுவார்: "உதுக்கு நெருப்பெண்டாப் பயம். பந்தத்தைக் கொளுத்துங்கோ." முடிந்தது கதை. பூதம் ஓடிவிடும், நான் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

எந்த ஊருக்குள் கொண்டுபோய் விட்டாலும் புதையல் எங்கே என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். கிணறு எங்கே, வெளியே போக இரண்டாவது பாதை இருக்கிறதா, இதைத்தான் கேட்பார்கள். ஒருமுறை அரசனின் தூதன் ஒருவனை அனுப்பி, சனம் எல்லாம் கோட்டைக்குள் வந்தால் பாதுகாப்பு என்று அறிவிக்க வைத்தேன். கோட்டைக்குள் நடக்கவேண்டிய கதையை மாதக்கணக்காக யோசித்து வைத்திருந்தேன்.

"ஆர் போறது? போறவை போகட்டும். நாங்கள் காட்டுக்குள்ளால போறம்," என்றான் கராஜ்காரன். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அட கடவுளே! கோட்டையை மடித்து வைத்துவிட்டு, இருந்த இருப்பிலேயே காட்டை யோசித்தேன். இதெல்லாம் சிரிக்கக்கூடிய கையாலாகாத்தனம்.

அக்காவின் வீரன் ஒரு வில்லாளன். முதல் நாளே அவனுக்குத் தன் தம்பியின் பெயரை வைத்தார். தம்பி யுத்தத்தில் காணாமல் போனவர். "அவன் வாறவரைக்கும் இந்தப் பேரை இவன் வச்சிருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார். அந்த உலகத்தில் வில்லாளனுக்கு வயது ஏறியது, தாடி வளர்ந்தது. அக்கா அவனுக்குக் கலியாணம்கூடப் பேசினார். வாத்தியார் தன் மந்திரவாதியின் தங்கச்சியைத் தருகிறேன் என்றதும், சீதனமாகக் குதிரை வேண்டும் என்று ஒரே பகிடி.

அவனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சண்டை என்றால் கராஜ்காரனின் வாள்வீரன் கேட்காமலே முன்னால் போய் நிற்பான். நானும் அந்தப் பக்கம் அம்பைக் குறைத்துத்தான் விடுவேன். அக்காவுக்கு இது விளங்காமல் இருக்குமா? ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "என்னைப் பாத்துப் பரிதாபப்படுற வேலை வேண்டாம். கட்டையைக் கையால மறைச்சு எறியிறதெண்டா நான் வரமாட்டன்." அதிலிருந்து மேசை நடுவில் ஒரு சில்வர் தட்டு வைத்து, அதற்குள்தான் எறிகிறோம். விழுந்தது விழுந்ததுதான், திருப்பி எறிய ஏலாது.

அந்த ஞாயிறு நல்ல மழை. கதையில் ஊர்ச்சனம் ஒரு பாலத்தைக் கடந்து தப்பிக்கொண்டிருந்தது, எதிரிப் படை துரத்தி வந்தது. வாள்வீரன் காயப்பட்டுக் கிடந்தான். மந்திரவாதி சனத்தோடு அக்கரைக்குப் போய்விட்டான். வில்லாளன் பாலத்தில் தனியே நின்றான். பின்வாங்க நான் வழி விட்டுப் பார்த்தேன்.

"சனம் இன்னும் கடக்கேல்லை. அவன் நிப்பான்," என்றார் அக்கா.

ஐந்துக்கு மேல் விழுந்தால் தப்பலாம். கட்டை தட்டுக்குள் சுழன்று நின்றது. இரண்டு.

வாத்தியார் விதிப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். எல்லா விதியும் தெரிந்த மனிதர், அதற்குள் எதைத் தேடுகிறார்? கராஜ்காரன் ஏதாவது செய் என்று கண்ணால் கெஞ்சினான். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து நான் அவசரமாகச் சொன்னேன்: "பாலம் உடையுது. அவர் ஆத்துக்குள்ள விழுறார். தண்ணி இழுத்துக்கொண்டு போயிட்டுது. எல்லாரும் தேடுறியள். ஆளைக் காணேல்லை."

சாகவில்லை அல்லவா, பிறகொரு ஞாயிறு எங்காவது கரையேற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். சொல்லி முடிக்க முதலே வாத்தியார் மேசைக்கடியில் என் காலை உதைத்தார்.

"காணேல்லையோ?" என்றார் அக்கா.

"ஓம் அக்கா... பிறகு ஒருநாள்..."

"அதை மட்டும் சொல்லாதேங்கோ தம்பி. எங்கை போய்க் கேட்டாலும் எனக்கு அதைத்தான் சொல்லுகினம். இஞ்சையுமோ?"

அக்கா சில்வர் தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"செத்திட்டான் எண்டு சொல்லுங்கோ. உடம்பைக் காட்டுங்கோ. இந்த உலகத்தில நீங்கள் சொன்னா அது நடந்ததுதானே? வாயால சொல்லுற வேலைதானே உங்களுக்கு!"

அவர் சொன்னது சரி. பூதத்தையும் கோட்டையையும் வாயால் உண்டாக்குகிறவனுக்கு ஒரு உடம்பு பெரிய காரியமா? அந்தப் பெயரைச் சொல்லி, அதோடு அந்தச் சொல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கராஜ்காரன் எழுந்து போய்க் கதவடியில் நின்று மழையைப் பார்த்தான். வாத்தியார் புத்தகத்தை மூடிவிட்டார். எனக்குக் கைகொடுக்க அந்த அறையில் ஒருவரும் இல்லை.

கடைசியில் பெயரைச் சொல்லாமலே சொன்னேன். "உடம்பு கிடைச்சிட்டுது அக்கா."

"எங்கை?"

"ஆத்தங்கரையில. ஒரு மருதமரத்துக்குக் கீழை."

"எங்கை காயம்?"

"நெஞ்சில. கன நேரம் நொந்திருக்காது."

"முகம் தெரியுதோ?"

"தெரியுது."

அக்கா தட்டில் கிடந்த கட்டையை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன். அழுதால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் அழவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு குனிந்து, உண்மையாகவே அங்கே ஆரோ கிடப்பதைப் போல, மேசையைப் பார்த்தார்.

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"ஓம் அக்கா."

பிறகு தலையை ஆட்டினார்.

"இல்லைத் தம்பி. இது அவன் இல்லை," என்றார். "இது வேற ஆரோ பெத்த பிள்ளை."