திங்கட்கிழமைகளில் கிளம்பாத வேன்

1. இன்று காலை என் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. இரண்டு நாள் சும்மா நின்றிருந்தது.
2. பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றி, இடையில் மீட்டரை மாட்டினேன்.
3. மீட்டரைப் பார்க்கும் முன்பே டாஷ்போர்டில் ஏதாவது சாமி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன்.
4. இல்லை. புதிதாக மாட்டிய கேமராதான் கரண்ட்டைக் குடித்துக்கொண்டிருந்தது. கழற்றினேன், சரியாகிவிட்டது.

மூன்றாவது வரிக்கு நீங்கள் சிரிக்கலாம். அது அந்தோணி அண்ணனிடம் கற்ற பாடம்.

டிப்ளமா முடித்து உழவர்கரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரிக்கல் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. பேட்டரி ஆசிட்டின் புளித்த வாசனையும், பக்கத்துக் கடையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுக்கும் வாசனையும் கலந்தே வரும். இன்றும் வறுத்த மல்லாட்டையைத் தின்றால் கையைக் கழுவத் தோன்றுகிறது.

அந்தோணி அண்ணன் தன் தெருக்காரரான கலா அக்காவை வேனில் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போவார். திங்கள், புதன், வெள்ளி. வேன் திங்கட்கிழமை மட்டும் கிளம்பாது. ஒரு வாரம் தெருவே சேர்ந்து தள்ளியது. அடுத்த வாரம் நல்ல மழை, தள்ள ஆளில்லை. கலா அக்காவின் முறை தவறிப்போய், மறுநாள் மூச்சு வாங்க ஆட்டோவில் தூக்கிப் போனார்கள்.

"இன்னொரு வாரம் இப்பிடி ஆச்சின்னா கலா தாங்க மாட்டா பாப்பா," என்று அண்ணன் வேனை ஒர்க்‌ஷாப்பில் விட்டுப் போனார்.

செவ்வாயும் வியாழனும் பார்த்தேன். பேட்டரி நல்லது. சார்ஜ் சரியாக ஏறுகிறது. வண்டி நிற்கும்போது கரண்ட் கசிவு, கண்ணுக்கே தெரியாத அளவு. நோட்டில் வரிசையாக டிக் அடித்து, பெருமையாகக் காட்டினேன்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வண்டிதான் போவல," என்றார்.

ரோஷம் வந்து, ஞாயிறு மதியம் அவர் வீட்டுக்கே மீட்டரோடு போனேன். வாசலில் வேன். டாஷ்போர்டில் மாதா படம், இரு பக்கமும் சின்ன பல்பு. கும்பிட்டேன். பிறகு மீட்டரை மாட்டினேன். கசிவு முக்கால் ஆம்பியருக்கு மேல்! ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கினேன். கடைசி ஃப்யூஸும் கைக்கு வந்தது. மீட்டர் முள் இறங்கவில்லை.

எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கலா அக்கா கேட்டார்: "எல்லாத்தையும் புடுங்கிட்டியே, மாதா லைட்டு மட்டும் எப்பிடிம்மா எரியிது?"

சாவியை அணைத்தாலும் விளக்கு அணையக் கூடாதென்று அண்ணன் பேட்டரியிலிருந்தே நேராக ஒயர் இழுத்திருந்தார். நான் கும்பிட்ட விளக்கை, கரண்ட் இழுக்கும் லோடு என்று நானே நினைக்கவில்லை.

"ஒர்க்‌ஷாப்புல இந்தப் படமே இல்லியேண்ணே?"

"ஒங்க ஆளுங்க பேசற பேச்ச மாதா கேக்கணுமா? வண்டிய விடறதுக்கு முன்னாடி ஒயர அவுத்து, வீட்ல கொண்டாந்து வச்சிடுவேன்."

வேன் ஓடாமல் நிற்கும் சனி இரவும் ஞாயிறு முழுவதும் அந்த இரண்டு பல்பும் எரிந்திருக்கின்றன. மற்ற நாட்களில் வண்டி ஓடி, போன சார்ஜ் திரும்ப ஏறிவிடும். சுவிட்ச் வைக்கலாம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அணைக்க மாட்டேன். அவ ஆஸ்பத்திரி போய் வரணும்னுதான் ஏத்தனதே."

"அப்ப நான் போவ வேணாமா?" என்றார் கலா அக்கா. "ஞாயித்துக்கெழம வீட்டுக்குள்ள வச்சி ஏத்து அந்தோணி. மாதாவுக்கும் ஒரு நாள் லீவு குடேன்."

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, படத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் ஒயரில் ஒரு பிளக் வைத்துக் கொடுத்து, பேட்டரியை சார்ஜில் போட்டேன். மறுநாள் விடிந்ததும் அந்தத் தெருமுனையில் போய் நின்றேன். முதல் சாவியிலேயே வேன் கிளம்பியது.

கலா அக்கா அதற்குப் பிறகு எந்தத் திங்கட்கிழமையும் தவறவிடவில்லை. இரண்டு வருடம் போனார். இப்போது அவர் இல்லை. ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் துணிக்கடை. அந்தோணி அண்ணன் வேனை விற்றுவிட்டார். வாங்கியவர் அந்த ஒயரைப் பிடுங்கிவிட்டாராம்.