பிரிட்ஜ்காரரும் அசையாத விளக்கும்

தெருவில் அவரைப் பிரிட்ஜ்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷமாகக் கெட்டுப்போன பிரிட்ஜுகளைப் பிழைக்க வைத்துக்கொண்டிருக்கிற மனிதர். பக்கத்தில் நின்று காதை வைத்தாரானால் போதும், கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட ஆளை ஒரு முழ உயரக் கண்ணாடிக் குப்பி நான்கு நாளாகப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது.

லாவா விளக்கு அது. அடியில் பல்பு, மேலே குப்பி, அதற்குள் தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்று, அதில் சிவப்பு மெழுகு. எரியவிட்டால் மெழுகு உருண்டை உருண்டையாக மேலே போகும், கீழே வரும், திரும்பப் போகும். அவருடைய அக்காவின் விளக்கு. அவளுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய் ஏழு மாதம் ஆகிறது. கூப்பிட்டால்கூடத் திரும்பாத அக்கா, அந்த மெழுகை மட்டும் கண் எடுக்காமல் பார்ப்பாள்.

புதன்கிழமை பல்பு பியூஸ் போனது. அன்றைக்கே புதுசு மாட்டிவிட்டார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. மெழுகு மட்டும் அடியில் ஒட்டிக்கொண்டு அசைவேனா என்றது. நாலு நாளாக அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிறு காலையில் அதைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்தார். பிளக்கைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், டெஸ்டர் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரி. ஆத்திரத்தில் குப்பியை ஒரு குலுக்கு குலுக்கினார். உள்ளே கலங்கிப்போனதுதான் மிச்சம்.

"கரண்ட் வருது, பல்பு எரியுது, மெழுகும் உள்ளேதான் கெடக்கு. அப்புறம் ஏன் மக்கர் பண்ணுது? ஒரு எழவும் புரியலயே!"

திரும்ப மாட்டி அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலியில் வைத்தார்.

"புதுசு வாங்கிடுங்களேன். நாளைக்கு உங்க அக்காகூடவே அங்க கொடுத்தனுப்பலாம்," என்றாள் மனைவி.

அங்கே என்றால் பராமரிப்பு இல்லம். மனைவியைக் குறை சொல்ல முடியாது. அக்காவைத் தூக்கித் தூக்கியே அவள் இடுப்பு போய்விட்டது. நாளைக்குக் கொடுக்க வேண்டிய படிவத்தைத்தான் மேஜையில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"சுத்தி நடக்கிறது நோயாளிக்குப் புரியுதான்னு கேட்டிருக்காங்க. என்னங்க எழுத?"

அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை.

"இல்லன்னு எழுது," என்றார். "புரிஞ்சாத்தானே போறதுக்குக் கஷ்டப்படுவா."

சட்டென்று அக்கா இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்து இழுத்து, அவர் உள்ளங்கையைக் குப்பிமேல் வைத்து அழுத்தினாள்.

"என்னக்கா? என்ன வேணும்? குளிருதா?"

ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினார். சால்வையைக் கொண்டுவந்து போர்த்தினார். அக்கா அதை உருவினாள். உருவி, ஒற்றைக் கையாலேயே இழுத்து விளக்கின் மேல் போட்டாள்.

"ஐயோ, விளக்குக்குப் போய்ப் போர்த்தறாங்களே!" என்று மனைவி எழுந்தே விட்டாள்.

"ஏன்க்கா, விளக்குக்கா குளிருது?" என்றார் அவர், அழமாட்டாத குறையாக.

கேட்டவர் அப்படியே நின்றார். சால்வைக்கு அடியில் கையை விட்டுக் குப்பியைத் தொட்டார். ஜில்லென்று இருந்தது. அவர் தொழிலில் ஜில்லென்று இருந்தால் நல்ல சேதி, பையைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம். சூடு என்றால்தான் கோளாறு. அக்கா கை பட்டுச் சுட்டுவிடப் போகிறதே என்று, சூடே ஆகாத எல்.இ.டி. பல்பாகத் தேடி வாங்கி மாட்டியது சாட்சாத் அவரேதான். சூடில்லாமல் மெழுகு எப்படி இளகும்? அட மடையா!

பையைக் கொட்டித் தேடியதில், பழைய பிரிட்ஜிலிருந்து கழற்றிய குண்டு பல்பு ஒன்று கிடைத்தது. இருபத்தைந்து வாட். மாட்டிவிட்டு அக்காவின் காலடியில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது மணி நேரத்தில், கலங்கலுக்குள்ளே மெழுகு மெல்லப் புடைத்து, கழுத்து நீண்டு, ஓர் உருண்டை பிய்த்துக்கொண்டு மேலே போனது.

"போயிடுச்சு! அக்கா, போயிடுச்சு!"

நங்கென்று தலையில் ஒரு குட்டு விழுந்தது. இடது கைக் குட்டு, அவ்வளவாக வலிக்கவில்லை. சின்ன வயதில் கணக்கைத் தப்பாகப் போட்டால் விழுமே, அதே இடத்தில் விழுந்தது.

தலையைத் தடவிக்கொண்டே மனைவியைப் பார்த்தார். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டிருந்தாள்.

"என்னங்க... அப்போ நாம போன வாரம் பூரா இங்கேயே உக்காந்து பேசினதெல்லாம்?"

அவருக்கு வெட்கத்தில் காது சுட்டது. அக்காவின் பக்கம் திரும்பினார். ஏழு மாதமாக யாரும் அவளிடம் கேட்காததைக் கேட்டார்.

"அக்கா, அங்க போறியா?"

அக்கா மெழுகிலிருந்து கண்ணை எடுத்தாள். அவரை நேராகப் பார்த்தாள். தலையை மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

மனைவி படிவத்தை நாலாக மடித்தாள்.

"நாளையிலேருந்து தூக்கி உக்கார வைக்க நீங்க வரணும்," என்றாள்.